கவர்னர் அண்ணை

லண்டனின் வடமேற்கு மூலையில், ஹரோவிலோ அதை ஒட்டிய தெருக்களிலோ, மாலை நேரத்தில் கழுத்தில் நாடாவும் அதில் தொங்கும் அடையாள அட்டையுமாக ஒருவர் தமிழ்க் கடையில் நின்று முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், அவரை ஆஸ்பத்திரி ஊழியர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வேலை முடிந்த கையோடு அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார்கள். கழற்ற மனம் வராதவர் இந்த ஊரில் ஒருவர்தான். அவர் பக்கத்து ஆரம்பப் பள்ளியின் கவர்னர், அதாவது பள்ளி நிர்வாக சபை உறுப்பினர்.

பெயர் வேண்டாம். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எங்கள் பகுதியில் நாலைந்து பேர், ‘என்னைத்தான் எழுதியிருக்கிறான்’ என்று கோபிக்கத்தான் போகிறார்கள். பொதுவாகக் கவர்னர் அண்ணை என்றே வைத்துக்கொள்வோம்.

இங்கிலாந்து முழுவதும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் இந்த வேலையைச் செய்கிறார்கள். சம்பளம் கிடையாது. பஸ் செலவு, பிள்ளையைப் பார்க்க ஆள் வைத்த செலவு போன்றவற்றைப் பள்ளி மனம்வைத்தால் திருப்பிக் கொடுக்கலாம். கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததற்கென்று ஒரு பென்னிகூடக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. பட்டம் கேட்கமாட்டார்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பொலிஸ் பதிவுச் சோதனையில் தேற வேண்டும், கடன்பட்டு வங்குரோத்து நிலையில் இருக்கக் கூடாது. தவணை வழக்கமாக 4 வருடம். வருடத்துக்கு 3 கூட்டமாவது நடந்தே ஆக வேண்டும். முன்னறிவித்து அனுமதி பெறாமல் 6 மாதம் வராவிட்டால் பதவி தானாகவே போய்விடும். இந்தக் கடைசி விதியை முதன்முதலில் வாசித்தபோது கவர்னர் அண்ணை கொஞ்சம் ஆடிப்போனார். கோயில் நிர்வாக சபையில் அவரோடு இருந்த இருவர், கும்பாபிஷேகத்துக்கு மட்டும் முகம் காட்டியே பத்து வருடம் பதவியில் இருந்தவர்கள்.

ஆம், அவர் கோயில் வழியாகத்தான் வந்தார். நம்மவர் ஒருவர் இந்தப் பதவிக்கு வருமுன் ஏறிவர வேண்டிய படிகள் சில உண்டு. எண்பதுகளின் கடைசியில் வந்து, இரவில் பெற்றோல் ஷெட்டில் நின்று, பகலில் கணக்காளர் பரீட்சைக்குப் படித்தவர் அவர். பரீட்சை முடிந்ததும் பழைய மாணவர் சங்கம் அவரைப் பொருளாளர் ஆக்கியது. அங்கிருந்து ஊர்ச் சங்கம், ஊர்ச் சங்கத்திலிருந்து கோயில். இந்த மூன்று இடத்திலும் அவர் கற்றுக்கொண்டது அரசியல் விஞ்ஞானத்தில் ஒரு முழுப் பட்டத்துக்குச் சமம்: யாப்பின் எந்தப் பிரிவை எப்போது எடுத்து வீசுவது, நம்பிக்கையில்லாப் பிரேரணைக்கு எத்தனை கார் ஆட்கள் வேண்டும், சட்டத்தரணி கடிதத்துக்கு எத்தனை நாளில் பதில் போட வேண்டும். சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசித்து ஏற்றுக்கொள்வதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழிக்கக்கூடியவர்களிடம் பயின்றவர்.

அப்படிப்பட்டவரின் மகனுடைய புத்தகப் பைக்குள் ஒருநாள், பாதி தின்ற வாழைப்பழத்தோடு சேர்ந்து கசங்கிய கடிதம் ஒன்று வந்தது. பெற்றோர் பிரதிநிதி கவர்னருக்குத் தேர்தல். விருப்பமுள்ளவர்கள் மனுக் கொடுக்கலாம். அண்ணை அன்றிரவே வேலையைத் தொடங்கிவிட்டார். பள்ளியில் எத்தனை தமிழ்ப் பெற்றோர், எத்தனை குஜராத்திப் பெற்றோர், ருமேனியர்களை யார் மூலம் பிடிக்கலாம் என்று ஒரு எக்செல் தாள் தயாரானது. வாட்ஸ்அப்பில் குழு முளைத்தது. மனு முடிவுத் தேதி வந்தது. இருந்த இடம் ஒன்று, மனுக் கொடுத்தவர் ஒருவர். வாக்கெடுப்பே இல்லாமல் தெரிவாகிவிட்டார்.

இந்த ஏமாற்றம் அவருக்கு இன்னும் தீரவில்லை. மனைவிக்கு வேறு சந்தேகம். “ஒருத்தரும் கேக்கேல்லை எண்டால் அதில ஏதோ வில்லங்கம் இருக்கு, இஞ்சாருங்கோ. வடிவா விசாரிச்சியளோ?”

விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் இந்த நாட்டின் ஆரம்பப் பள்ளிகளை மேற்பார்வை செய்தவர்கள் மனேஜர்கள் எனப்பட்டார்கள். கவுன்சிலில் எந்தக் கட்சி ஆட்சியோ அந்தக் கட்சிக்காரர்கள் பல இடங்களில் அந்தக் கதிரைகளை நிரப்பினார்கள். 1977இல் டெய்லர் குழு, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஊராருக்கும் சமபங்கு கொடுங்கள் என்றது. 1980இல் மனேஜர்கள் கவர்னர்கள் ஆனார்கள். 1986இன் சட்டம் பெற்றோரின் எண்ணிக்கையைக் கூட்டியது. 1988இன் சட்டம் பணப்பையையே பள்ளியின் கையில் கொடுத்தது. அதோடு வந்தது வினை. பணம் பள்ளிக்கு வந்ததும் பணத்தைக் கணக்குப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. பார்ப்பவன் சம்பளம் கேட்காதவனாக இருக்க வேண்டும். கணக்காளர் ஒருவர் தானாகவே வாசலில் வந்து நின்றால் எந்த அதிபர் விடுவார்?

முதல் கூட்டம் பள்ளி நூலகத்தில். கதிரைகள் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. கோட்டும் டையுமாகப் போன அண்ணையின் முழங்கால்கள் நாடியைத் தொட்டன. நடுவில் ஒரு தட்டு விசுக்கோத்து. தலைவி ஓய்வுபெற்ற நூலகர், மற்றவர்களில் ஒருவர் வங்கிக்காரி, ஒருவர் குழாய் திருத்துபவர், ஒருவர் கவுன்சில் நியமித்தவர், ஒருவர் ஆசிரியர்களின் பிரதிநிதி, இவர்களோடு அதிபர். சென்ற கூட்டத்தின் அறிக்கை சரிதானே என்று தலைவி கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். கையெழுத்தாகிவிட்டது. ஒழுங்குப் பிரச்சினை கிளப்ப வாயெடுத்த அண்ணை, கிளப்புவதற்கு எதுவும் இல்லாததால் ஒரு விசுக்கோத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். யாரும் எழுந்து நிற்கவில்லை. யாரும் வெளிநடப்புச் செய்யவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக் கலைந்தார்கள். சண்டையில்லாத கூட்டம் அவருக்குப் பயத்தைத்தான் தந்தது. உண்மையான கூட்டம் இனிமேல்தான் வேறெங்கோ நடக்கப்போகிறது என்று நினைத்துக் கார் நிறுத்துமிடத்தில் நெடுநேரம் நின்றாராம்.

இரண்டாவது கூட்டத்தில்தான் பதவியின் உண்மையான உருவம் தெரிந்தது. மதிய உணவில் பருப்பு சரியாக வேகவில்லை என்று மகன் சொன்னதை அண்ணை சபையில் வைத்தார். அதிபர் மிக இனிமையாகச் சிரித்து, “அது ஒப்பரேஷனல்” என்றார். மூன்றாம் வகுப்பு ஆசிரியை வீட்டுப்பாடம் போதாமல் கொடுக்கிறார் என்றார். அதுவும் ஒப்பரேஷனல். விளையாட்டு மைதானத்து வேலியில் ஓட்டை. ஒப்பரேஷனல். பள்ளியை நாளாந்தம் நடத்துவது அதிபரின் வேலை. கவர்னர்கள் செய்ய வேண்டியது பள்ளி எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது, போகிறதா என்று அதிபரிடம் கணக்குக் கேட்பது, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது. இந்த மூன்றோடு சரி. கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக் கூடாது. கல்யாண வீட்டில் பெண்ணின் சித்தப்பாவுக்கு உள்ள நிலை இது: பொறுப்பு முழுவதும் உண்டு, ஸ்டோர் அறைச் சாவி மட்டும் கையில் இல்லை.

வேறு யாராவது என்றால் அன்றைக்கே விலகியிருப்பார்கள். அண்ணை விலகவில்லை, கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார். தொடக்கூடாதவனுக்குக் கேட்பது ஒன்றுதானே வழி. “பருப்பு வேகவில்லை” என்றால் ஒப்பரேஷனல். “உணவு ஒப்பந்தத்தின் தரத்தைச் சபை எப்படித் தெரிந்துகொள்கிறது?” என்றால் அது நிர்வாக மேற்பார்வை. பருப்பு அதே பருப்புத்தான். இந்த வித்தையில் தேற அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. இப்போது வீட்டிலும் இப்படித்தான் பேசுகிறார். “குழம்பில் உப்புக் கூட” என்று சொல்லும் பழக்கம் போய்விட்டது. “உப்பின் அளவு தொடர்பாக என்ன முன்னேற்றத் திட்டம் இருக்கு?” என்று கேட்கிறார். மனைவியின் பதிலை இங்கே அச்சிட முடியாது.

கேட்டால் போதாது, கேட்டது குறிப்பில் ஏற வேண்டும். கவர்னர் சபைக்கென்று ஒரு செயலாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் சபை உறுப்பினராக இருக்கக் கூடாது. கவர்னர்கள் அதிபரைக் கேள்வி கேட்டார்களா, அல்லது சும்மா இருந்து தேநீர் குடித்தார்களா என்பதற்கு அந்தக் கூட்டக் குறிப்புகள்தான் சாட்சி. ஆகவே செயலாளர் கேள்விகளைத் தடித்த எழுத்தில் போடுவார். குறிப்பு மின்னஞ்சலில் வந்ததும் அண்ணை உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை, தடித்த எழுத்துகளை எண்ணுகிறார். ஒருமுறை அவருடைய கேள்வி ஒன்றை ‘ஒரு கவர்னர் கேட்டார்’ என்று பெயரில்லாமல் போட்டுவிட்டார்கள். அதுதான் வழமை என்று விளக்கினார்கள். அண்ணை ஏற்றுக்கொண்டார், ஆனால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஓரத்தில் தன் பெயரைப் பேனாவால் எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறார்.

அண்ணையின் உண்மையான மேடை நிதிக் குழு. பள்ளிக்கு வரும் பணத்தில் பெரும் பங்கு ஆசிரியர் சம்பளத்துக்கும் உதவியாளர் சம்பளத்துக்கும் போய்விடுகிறது. எஞ்சியதற்குள் கொதிகலனும் கூரையும் கடதாசியும். வருமானமோ தலைக்கணக்கு. ஒக்டோபர் மாதத்து முதல் வியாழக்கிழமை பள்ளிப் பதிவில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, பெரும்பாலும் அதை வைத்துத்தான் அடுத்த வருடத்துப் பணம். கந்தசஷ்டி நாளை மறந்தாலும் இந்த வியாழனை அண்ணை மறக்கமாட்டார். இரண்டு பிள்ளைகள் வெம்பிளிக்கு வீடு மாறப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், வெள்ளிக்கிழமை மாறச் சொல்லுங்கள் என்பார்.

சிக்கல் என்னவென்றால், லண்டனில் பிள்ளைகள் குறைந்துகொண்டு வருகிறார்கள். பிறப்பு வீதம் இறங்கிவிட்டது, வீட்டு வாடகை ஏறிவிட்டது, இளம் குடும்பங்கள் வெளியே போகின்றன. நகரின் உட்பகுதிகளில் ஆரம்பப் பள்ளிகளை மூடியும் இணைத்தும் விட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயதுவரை ஒரு வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். 19 பிள்ளைகள்தான் வந்தாலும் ஆசிரியருக்கு அதே சம்பளம். வெற்றுக் கதிரை ஒவ்வொன்றும் அண்ணையின் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு போகும் தாய்மாரைப் பார்க்கும்போது அவர் கண்ணில் ஒரு கனிவு தெரிகிறதே, அது நிதிக் குழுவின் கனிவு. இரட்டைப் பிள்ளைகள் என்றால் நின்று திரும்பிப் பார்ப்பார். கல்யாண வீடுகளில் இளம் தம்பதிகளிடம் “அடுத்தது எப்ப?” என்று கேட்காத மாமாக்கள் நம்மில் இல்லை; ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஐந்து வருட வரவுசெலவுத் திட்டத்தை வைத்துக்கொண்டு கேட்பவர் இவர் ஒருவர்தான்.

பள்ளி வருடத்துக்கு எத்தனை பேரைச் சேர்ப்பது என்று முன்கூட்டியே அறிவிக்கும் எண்ணிக்கைக்குச் சுருக்கமாகப் பான் என்பார்கள். இரண்டு வகுப்பை ஒன்றாக்கி 60ஐ 30 ஆக்குவது பற்றிப் பேச்சு வந்த இரவு அண்ணை வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தார். “எங்கட பான் பாதியாகப் போகுது.” அடுப்படியிலிருந்து பதில் வந்தது: “அப்பிடியெண்டால் நாளைக்கு வரேக்க ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ. பட்டர் கிடக்கு.”

ஊராருக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், பள்ளியில் நம்முடைய ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது. ஊரில் நல்ல பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்கு இடம் எடுக்க எத்தனை கடிதம், எத்தனை கும்பிடு என்று கண்டவர்கள். எனவே தேர் பார்க்கப் போன இடத்தில்கூட அண்ணையைச் சூழ்ந்துகொள்வார்கள்.

“அண்ணை, மகளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில ஒரு இடம் எடுத்துத் தாங்கோவன்.”

“என்னால ஏலாது தம்பி. அது கவுன்சில்காரர் தூரம் அளந்து குடுக்கிறது.”

தம்பி தலையாட்டிக்கொண்டு போவார், மனைவியிடம் போய்ச் சொல்வார்: “ஏலும். செய்யமாட்டார். இப்ப ஆள் பெரிய ஆளெல்லே.”

இதில் ஓர் அநியாயம் உண்டு. பள்ளியில் வெற்றிடம் இருக்கும்போது யாரும் கேட்பதில்லை. நிரம்பி வழியும் பள்ளிக்குத்தான் எல்லோரும் வருகிறார்கள். இன்னொன்றும் உண்டு, அதை அண்ணை ஒப்புக்கொள்ளமாட்டார். செய்ய முடியாதவர் என்று அறியப்படுவதைவிடச் செய்ய மறுப்பவர் என்று அறியப்படுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ‘ஏலாது’ என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்ன இடைவெளி விடுவார். அந்த இடைவெளிக்குள் பெரிய அதிகாரம் ஒன்று குடியிருக்கிறது.

வகுப்புகளைப் பார்க்கப் போகும் நாட்கள் அவருக்குத் திருவிழா. ஆசிரியரின் கற்பித்தலை மதிப்பிடக் கூடாது, பள்ளித் திட்டம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். முதலாம் வகுப்பில் ஒலிப்புச் சோதனைக்குப் பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்தார்கள். 40 சொற்கள், அதில் பாதி எந்த அகராதியிலும் இல்லாத பொய்ச் சொற்கள்; எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக அப்படி. ஊரில் ஆங்கிலத்தில் திறமைச் சித்தி எடுத்த அண்ணைக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஐந்து வயதுக் குழந்தை கடகடவென்று வாசித்த சொற்களில் பாதி தனக்குத் தெரியவில்லையே என்று வேர்த்துவிட்டது. இரகசியமாகக் குறித்துக்கொண்டு வந்து இரவு முழுவதும் அகராதி புரட்டினார். நாலாம் வகுப்பில்தான் மானம் மீண்டது. அங்கே வாய்ப்பாட்டுச் சோதனை, 25 கேள்வி, கேள்விக்கு 6 விநாடி. 12ஆம் வாய்ப்பாட்டோடு முடிந்துவிடும் என்றார் ஆசிரியை. “பன்னிரண்டோட நிப்பாட்டிப்போட்டாங்களோ?” என்று அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காலத்தில் பதினாறு.

இவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அறியாத பக்கமும் உண்டு. பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையை நிரந்தரமாக நீக்க அதிபர் முடிவெடுத்தால், அந்த முடிவு சரியா என்று 15 பள்ளி நாட்களுக்குள் கவர்னர்கள் கூடி ஆராய வேண்டும். பெற்றோர் எதிரே வந்து உட்காருவார்கள். பிள்ளையைத் திரும்பச் சேர்க்கும்படி உத்தரவிடும் அதிகாரம் அங்கே உண்டு. ஒப்பரேஷனல் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாத இடம் அது. வருடக் கணக்காக அதிகாரம் இல்லையே என்று ஏங்கிய மனிதன், அது கைக்கு வந்த நாளில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாது. யார் வீட்டில் யாருக்கு எத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்தது என்பதுவரை வாட்ஸ்அப்பில் ஓடும் சமூகத்தில், ஒரு பெரிய செய்தியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நடமாடும் ஒரே மனிதர் அவர். “என்ன நடந்தது, எனக்கு மட்டும் சொல்லுங்கோ” என்று மனைவி இரண்டு நாள் மீன்குழம்பு வைத்துப் பார்த்தார். குழம்பு முடிந்ததுதான் மிச்சம். அந்தக் கூட்டங்கள் நடக்கும் நாட்களில் மட்டும் கழுத்தில் அட்டையைக் காண முடியாது. கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார்.

பள்ளிகளைச் சோதிக்கும் ஒஃப்ஸ்டெட் அதிகாரிகள் வருவதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். வழக்கமாக முதல் நாள்தான் தொலைபேசியில் சொல்வார்கள், மறுநாள் வாசலில் நிற்பார்கள். அண்ணையின் தகப்பனார் ஊரில் வாத்தியார். வித்தியாதரிசி வருகிறார் என்றால் வீட்டில் கோழி அறுபடும். இங்கே கோழி இல்லை, கேள்விதான். பள்ளியின் பலம் என்ன? பலவீனம் என்ன? அது உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்றாவது கேள்விக்காகவே அண்ணை வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடினார். 1996இன் சட்டப்படி, இப்படிப்பட்ட பொதுப் பணிக்கு நியாயமான நேரம் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. முதலாளி சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்.

மகன் அந்தப் பள்ளியை விட்டு எப்போதோ போய்விட்டான், இப்போது பல்கலைக்கழகத்தில். பிள்ளை போனாலும் பெற்றோர் கவர்னர் தன் தவணையை முடிக்கலாம். முடித்தார். பிறகு சபையே அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒரே பள்ளியில் இரண்டு தவணைக்கு மேல் இருக்க வேண்டாம் என்று கவர்னர்களுக்கான தேசியச் சங்கம் அறிவுரை சொல்கிறது. அறிவுரைதானே, சட்டமில்லையே என்று கோயில் நிர்வாகத்தில் இருந்த அண்ணை சொல்லியிருப்பார். இந்த அண்ணை சொல்லவில்லை. இன்னொரு பள்ளியில் நிதி தெரிந்த ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, அங்கே போக விண்ணப்பித்திருக்கிறார்.

ஆகவே ஹரோவில் ஒரு கதிரை காலியாகிறது. உங்கள் ஊரிலும் காலியாக இருக்கும். பள்ளி வாசலில் கேட்டால் சொல்வார்கள், கவுன்சிலுக்கு எழுதினாலும் சொல்வார்கள். பிள்ளை இருக்க வேண்டும் என்றில்லை. கூட்டம் பெரும்பாலும் மாலையில். விசுக்கோத்து தருவார்கள். சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டு போங்கள்.